பழைய பெட்டியும் பழைய குரலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் பேசுவோர் பெரும்பாலும் கற்றறிந்த பெருமக்கள். நானோ பள்ளியிறுதித் தேர்வோடு புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன். ஆதலால் இலக்கியம் பேச நான் துணியவில்லை. நம் சங்க நூலகத்தின் மூலையில் நிற்கின்றதே ஓர் இரும்பு அலமாரி, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சென்ற தைத் திங்களில் கூடிய செயற்குழுவில், அந்த அலமாரியை ஒழித்துப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு இடஞ்செய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. தீர்மானத்தில் குற்றம் ஒன்றுமில்லை. உள்ளே இருந்தவை 74 ஒலிநாடாக்கள், அதாவது நாம் கேசட் என்று அழைப்பவை; 11 வீடியோ கேசட்டுகள்; ஓடாத ஒரு டேப் ரிக்கார்டர்; அதனினும் பழுதான ஒரு வீடியோப் பெட்டி. "இயந்திரமே ஓடவில்லை, கேசட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கபாடிக்காரனைக் கூப்பிடுங்கள்" என்றார் ஓர் அன்பர். நான் எழுந்து மூன்று மாதத் தவணை கேட்டேன். குழுவும் பெருந்தன்மையோடு கொடுத்தது. அந்த மூன்று மாதங்களில் நான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் உங்கள்முன் வைப்பது என் கடமை. ஆண்டுப் பொதுக்குழுவில் இத்தீர்மானம் மீண்டும் வரும்போது, அறிந்து முடிவு செய்ய இது உதவும் என நம்புகிறேன்.

அன்பர்களே! பழையது கழிவதும் புதியது புகுவதும் உலக இயற்கை. மொழியிலேயே அது குற்றமாகாது என்று நன்னூலார் இடங்கொடுத்துவிட்டார், இயந்திரத்தில் குற்றமாகுமா? நம் பாட்டன்மார் காலத்து வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி வால்வுகள். பொத்தானைத் திருப்பினால் அவை சூடேறிச் செந்நிறம் காட்டிய பின்னரே குரல் எழும். அப்பெட்டியை வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-இல் அதைக்கொண்டு செய்த சிறு வானொலி அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. கூடத்து மேசையை விட்டு நகராதிருந்த வானொலி, வயல் வரப்பிலும் தேநீர்க் கடையிலும் பாடத் தொடங்கியது. வால்வுப் பெட்டி போயிற்றே என்று எவரும் கண்ணீர் வடிக்கவில்லை. வடிக்க வேண்டியதும் இல்லை. ஏனெனில் அந்தப் பெட்டி குரலைக் கொணர்ந்ததே அன்றி, குரலைத் தன்னுள் வைத்திருக்கவில்லை.

கேசட் அத்தகையதன்று. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்புத் துருவைப் போன்ற காந்தப் பொடிப் பூச்சு. நாம் பேசும் ஒலி மின்னலையாக மாறி, அப்பொடியில் காந்தத் தழும்பாகப் படிகிறது. நாடா மறுபடி இயந்திரத்தின் முனையருகே நகரும்போது, அத்தழும்பு மின்னலையாகி மீண்டும் குரலாகிறது. முதலில் அலுவலகங்களில் கடிதம் சொல்லி எழுதுவிப்பதற்கென வந்த இக்கருவி, விரைவில் வீடெங்கும் புகுந்தது. 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தபின் சட்டைப் பையிலும் ஏறிக்கொண்டது. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர் பலர், கடிதத்திற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்பியதும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மகனுக்கு "மடல்" அனுப்ப முடிந்தது அக்காலத்தில்தான்.

1982-இல் குறுந்தகடு வந்தது. அதன்பின் கணினி, அதன்பின் கைப்பேசி. வீடியோ கேசட்டின் கதையும் இதுவே. வி.எச்.எஸ். முறை 1976-இல் ஜப்பானில் பிறந்தது. அவ்வகைப் பெட்டியைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம், 2016 ஜூலையோடு அதனை நிறுத்திக்கொண்டது. நாற்பது ஆண்டில் ஒரு பிறப்பும் ஓர் இறப்பும்!

ஒரு கருவி ஏன் இறக்கிறது? என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, அதனினும் நல்லது வந்துவிடுதல். இது வளர்ச்சி, இதனை வரவேற்போம். இரண்டாவது, கருவி நன்றாக இருந்தும் அதற்கு உணவு கிடைக்காமற் போதல். வீட்டின் கூரைமேல் மீன்முள்போல் நின்ற ஆண்டெனாக்களை நினைவு கூர்வீர்கள். அவற்றுக்கு ஒளிபரப்பு அனுப்பிய தூர்தர்ஷனின் பழைய நிலப்பரப்பு நிலையங்கள் 2022-க்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. ஆண்டெனா கெடவில்லை, அதற்கு வருவதற்குத்தான் ஒன்றுமில்லை. மூன்றாவது, உதிரி உறுப்புகள் கிடைக்காமற் போதல். பத்து ரூபாய் ரப்பர் வளையம் கிடைக்காமல் பத்தாயிரம் ரூபாய் இயந்திரம் மூலையில் கிடக்கும். இதில் விற்போரின் கைவேலையும் சிலகால் கலப்பதுண்டு. 1924-இல் பெரிய மின்விளக்கு உற்பத்தியாளர் பலர் ஜெனிவாவில் கூடி உடன்படிக்கை செய்துகொண்டு, விளக்கின் ஆயுளை 1,000 மணி என்ற அளவிற்குள் அடக்கினர் என்பது வரலாறு. நெடுநாள் எரியும் விளக்கு வணிகனுக்கு ஆகாது அல்லவா?

நிற்க. என் தந்தையாரின் தகரப் பெட்டியில் ஒரு தந்தி இருக்கிறது. 1974-இல் என் பாட்டனார் மறைந்த செய்தியை ஊரிலிருந்து கொணர்ந்த தந்தி அது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவடைந்துவிட்டது. கட்டுக் கடகட என்று ஒலித்த கருவிகள் இன்று காட்சிச் சாலையில் உள்ளன. ஆயினும் அந்தத் தாளை எடுத்து என் மகள் இன்றும் படிக்கிறாள். அதற்கு அவளுக்கு ஒரு கருவியும் வேண்டியதில்லை, கண் போதும். ஆனால் அதன்பின் பதினைந்து ஆண்டு கழித்து அதே தந்தையார் பேசிய ஒலிநாடா அவள் கையில் இருந்தும் அவளால் கேட்க இயலாது. தந்தியைக் கொணர்ந்த கருவி இறந்தபோது செய்தி இறக்கவில்லை. டேப் ரிக்கார்டர் இறந்தாலோ, செய்தியும் உடன்கட்டை ஏறிவிடுகிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றே.

இது நம் போன்ற எளியோர்க்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. இங்கிலாந்தில் 1086-இல் வில்லியம் மன்னன் நாடெங்கும் நிலக் கணக்கெடுத்து "டூம்ஸ்டே" என்னும் ஏட்டில் எழுதுவித்தான். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவின்போது, 1986-இல், பி.பி.சி. நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டேயை உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பல்லாயிரவர் தம் ஊரைப் பற்றி எழுதினர், படம் பிடித்தனர். அனைத்தும் அன்றைய புதுமையான லேசர்த் தட்டுகளில் பதிவாயின. பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. தட்டைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், அதனை மீட்க ஆய்வாளர்கள் தனியே முயல வேண்டியதாயிற்று. தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய தோல் ஏடோ இன்றும் படிக்கக் கிடைக்கிறது! சந்திரனில் மனிதன் கால்வைத்த 1969-ஆம் ஆண்டுக் காட்சியின் மூல நாடாக்களைத் தேடிய நாசா நிறுவனம், அவை பிற்காலத்தில் அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அறிவித்தது. தொலைக்காட்சிக்கென மாற்றி அனுப்பிய படிகள் இருந்தமையால் காட்சி பிழைத்தது.

தமிழர்க்கு இப்பாடம் புதியதன்று. பனை ஓலைக்கும் ஆயுள் உண்டு. செல் அரிக்கும், ஓரம் முறியும். ஆகவே நம் முன்னோர் ஏடு பழுதாகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். அவ்வாறு எழுதப் பெற்ற நூல்கள் வாழ்ந்தன. எழுதப் பெறாதவை மாண்டன. பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் நம்மவரே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராய் அலைந்து, எஞ்சிய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டார். ஓலையிலிருந்து தாளுக்கு நடந்த அந்தப் பெயர்ப்பு இல்லையேல், இன்று நம் சங்கத்திற்குப் பெருமைப்பட என்ன இருந்திருக்கும்? அலமாரியிலுள்ள 74 நாடாக்களும் நம் சங்கத்தின் ஏடுகளே. இன்று ஆடிப்பெருக்கு நம் வாயிலில் நிற்கிறது.

இனி, மூன்று மாதங்களில் நடந்ததைக் கூறுகிறேன். சங்கத்தின் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சீதாபர்டிக் கடைவீதியில் ஒரு பிற்பகல் முழுதும் அலைந்தேன். நான்கு கடைகளில் சிரித்தார்கள். ஒரு கடையில், அதனைக் கொடுத்துவிட்டுப் புளூடூத் ஒலிபெருக்கி வாங்கிப் போகுமாறு அறிவுரை கூறினார்கள். ஐந்தாவதாக, மாடிப்படியின் கீழே கைக்குட்டை அளவு இடத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், பெட்டியை வாங்கித் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே சுழல் உருளைகளை இழுக்கும் ரப்பர் வளையம், வெயிலில் வைத்த வெல்லப்பாகுபோல் உருகி ஒட்டிக்கிடந்தது. அதனைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் சுரண்டித் துடைத்தார். தம் டப்பாவில் தேடி வேறொரு வளையம் பொருத்தினார். காந்த முனையையும் தூய்மை செய்தார். "உங்களுக்குப் பின் இதை யார் செய்வார்?" என்று கேட்டேன். தம் மகன் கைப்பேசிக் கடை வைத்திருப்பதாகச் சொல்லி, மேற்கொண்டு பேசாமல் பெட்டியை மூடினார். முதுமை எய்துவது கருவி மட்டும் அன்று, அதனைத் திறக்கத் தெரிந்த கையும்தான் என்பதை அப்போது உணர்ந்தேன்.

பெட்டி ஓடியது. அதன் ஒலி வெளிவரும் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி இணைத்தேன். ஒரு மணி நேர நாடாவைப் பெயர்க்க ஒரு மணி நேரமே ஆகும்; குறுக்கு வழி இல்லை. இரவுதோறும் அமர்ந்து எழுபது மணிக்கு மேல் கேட்டேன். 74 நாடாக்களில் 57 நன்றாக ஓடின. எட்டில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கிறது. அவற்றைக் கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும். ஒன்பது நாடாக்களில் பழைய பதிவின்மேல் வேறு பதிவு ஏறிவிட்டது.

அந்த 57-இல் என்ன இருந்தது? 1986-ஆம் ஆண்டு வெள்ளி விழா நாடாவில், சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான பெரியவர், 1961-இல் ஓர் இரயில்வே குடியிருப்பின் திண்ணையில் ஒன்பது பேர் கூடி, தலைக்கு இரண்டு ரூபாய் போட்டுச் சங்கம் தொடங்கிய கதையைச் சொல்கிறார். ஒன்பதின்மரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி அழைக்கிறார். அக்காலத்து நடவடிக்கைப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே நம் சங்கத்தின் பிறப்புக்கு இன்று சான்று அந்தக் குரல் ஒன்றே. கபாடிக்காரன் வந்திருந்தால் அதற்கு என்ன விலை கொடுத்திருப்பான்? மற்றொரு நாடாவில், 1988 பொங்கல் விழாவில், ஒரு பாட்டி தம் ஊர்த் தாலாட்டைப் பதினைந்து நிமிடம் இடைவிடாது பாடுகிறார். அவ்வம்மையாரின் பேத்தி இக்கூட்டத்தில் இருக்கிறார். கேட்டுவிட்டு, அதில் ஓர் அடிகூடத் தமக்குத் தெரியாது என்றார்.

இனி ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சற்று நாணமாகவும் இருக்கிறது. மேற்பதிவு ஏறிய ஒன்பது நாடாக்களுள் ஒன்றின் உறையில் "1989 ஆண்டு விழா" என்று எழுதியிருந்தது. ஓட்டினேன். திரைப்படப் பாடல்கள் வந்தன. பாடல்களின் வரிசையைக் கேட்கக் கேட்க, அதனைப் பதித்தவன் யார் என்பது விளங்கிவிட்டது. 1992-இல், பன்னிரண்டு வயதில், சங்கத்து நாடாவை வீட்டுக்குக் கொண்டுசென்ற நானேதான்! கேசட்டின் முதுகில் இரு சிறு பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மறுபதிவு செய்ய இயலாது. யாரோ ஒரு பொறுப்புள்ளவர் அவற்றை உடைத்தே வைத்திருந்தார். நான் அந்தத் துளைகளில் காகிதத்தை மடித்துச் செருகி, என் பாடல்களைப் பதித்திருக்கிறேன். காகிதம் இன்றும் அங்கே இருக்கிறது.

பாடல்கள் முடிந்தபின் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. அதில் என் தந்தையார் நன்றியுரை கூறுகிறார். பந்தல் போட்டவர்க்கு நன்றி. ஒலிபெருக்கி தந்தவர்க்கு நன்றி. உணவு பரிமாறிய தாய்மார்க்கு நன்றி. இறுதியில் "பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போகவேண்டும்" என்று ஒரு கண்டிப்பு. அவர் 1999-இல் மறைந்தார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகக் கேளாத குரல். அவர் அன்று ஆற்றிய முழு உரை என்ன என்று அறிய இனி வழியில்லை. இயந்திரம் பழையதானதால் இழந்தேன் என்று நான் சொல்ல முடியாது. இருக்கும்போது அதன் அருமை தெரியாமையால் இழந்தேன். ஆதலால் அலமாரியை ஒழிக்கச் சொன்ன அன்பர்மீது எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. அவர் செய்யக் கருதியதை நான் முன்னரே செய்து முடித்தவன்.

அன்பர்களே! என் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, எஞ்சிய எட்டு ஒலிநாடாக்களையும் 11 வீடியோ கேசட்டுகளையும் இவ்வாண்டே பெயர்த்தெடுக்கச் சங்கம் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். யுனெஸ்கோ அமைப்பின் திட்டம் ஒன்றும் அனைத்துலக ஒலிக் காப்பகச் சங்கமும் சேர்ந்து, ஓட்டும் கருவிகள் அருகி வருவதால் 2025-ஐ ஒட்டிய காலத்திற்குள் காந்த நாடாக்களைப் பெயர்த்துவிட வேண்டும் என்று 2019-லேயே எச்சரித்தன. நாகபுரியின் கோடை வெயிலும் நாடாவுக்கு நண்பன் அன்று.

இரண்டாவது, பெயர்த்ததை ஒரே இடத்தில் வைத்தல் ஆகாது. மூன்று படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு ஊரில் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றவும் வேண்டும். இன்றைய பென்டிரைவும் கைப்பேசியும் நாளைய கேசட்டுகளே. இன்னும் சொன்னால், கேசட்டுக்குப் பூட்டு இல்லை. கைப்பேசிக்கோ உரியவர் மட்டும் அறிந்த கடவுச்சொல் உண்டு. அவர் போனால் அதனுள் உள்ள படமும் குரலும் அவரோடு போகும்.

மூன்றாவது, பேச்சுகளுள் சிறந்தவற்றை எழுத்தில் வடித்து, ஆண்டு மலரில் ஒவ்வொன்றாக அச்சிட வேண்டும். கண் மட்டும் கொண்டு படிக்கத்தக்கது தாள் ஒன்றே. குரல் எழுத்தில் வாராது என்பது மெய்தான். ஆயினும் சொல்லேனும் பிழைக்கும்.

நான்காவது, மெய்யாகவே பயனற்றுப்போன கருவிகளைக் கபாடிக்காரனிடம் எறியாது, அரசின் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் சேர்க்க வேண்டும். பழைய தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் உண்டு. ஐக்கிய நாடுகளின் அறிக்கையின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 620 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்கும் இல்லை. எஞ்சியதில் ஒரு பகுதியை ஏழை மக்கள் வெறுங்கையால் உடைத்தும் எரித்தும் பிழைக்கின்றனர். ஆகவே பழுது பார்த்துப் பயன்படுத்தக் கூடியதைப் பழுது பார்ப்பதே முதல் அறம். 2022 டிசம்பரில் நம் அரசின் நுகர்வோர் நலத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணைய வாயிலைத் திறந்திருக்கிறது. வாங்குமுன் "இதற்கு உதிரி உறுப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்கும் வழக்கத்தை நாமும் கைக்கொள்வோம்.

அலமாரியைப் பிள்ளைகளின் புத்தகங்களுக்குக் கொடுங்கள். அதில் எனக்கு உடன்பாடே. பெட்டியைப் போகவிடலாம், குரலைப் போகவிடலாகாது. முதலில் பெயர்த்தல், பிறகே ஒழித்தல் என்ற வரிசையை மட்டும் மாற்றாதிருக்க வேண்டுகிறேன். உங்கள் இல்லத்துப் பரணிலும் இரண்டொரு கேசட்டுகள் கிடக்கக்கூடும். உறையில் எழுதியிருப்பதை நம்பாமல் எடுத்து வாருங்கள். சங்கத்தின் பெட்டி இப்போது ஓடுகிறது. ஞாயிறுதோறும் மாலையில் நான் நூலகத்தில் இருப்பேன்.

மாடிப்படியின் கீழ் அமர்ந்து வேலை செய்யும் அந்த முதியவர்க்கு நன்றி கூறி அமைகின்றேன். கூட்டம் முடிந்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.